பெயர் தெரியாதவர் தேடும் சொல்

மாடித்தோட்டத்தில் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். தளதளவென்று நின்ற செடியின் கொழுந்து திடீரென்று சுருண்டுகொள்ளும். தண்டிலும் இலையடியிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடக்கும். வேளாண்மை படித்தவர் பார்த்த மாத்திரத்தில் 'மாவுப்பூச்சி' என்பார். செடி வளர்ப்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. கைபேசியை எடுத்து, 'செம்பருத்தி செடியில் வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு' என்று தட்டுவார். இன்னொருவர் 'செம்பருத்தி வெள்ளை பூச்சி போக என்ன செய்வது' என்பார். அருமையான தீர்வைச் சொல்லும் கட்டுரை இணையத்தில் இருக்கலாம். அதன் தலைப்பு 'ஒருங்கிணைந்த மாவுப்பூச்சி மேலாண்மை' என்றிருந்து, உள்ளேயும் அதே நடை என்றால், எழுதியவரும் தேடியவரும் ஒரே பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒருவரையொருவர் பார்க்காமல் போய்விடலாம்.

இணையதளம் நடத்துகிறவர்கள் 'கீவேர்டு ரிசர்ச்' என்று சொல்வது இந்த இடைவெளியை அளக்கும் வேலையைத்தான். தளத்துக்கு ஆள் சேர்க்கும் வியாபார உத்தியாகவே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் அதன் அடியில் நூலகவியலும் மொழியியலும் புள்ளியியலும் கலந்த ஓர் அறிவியல் ஓடுகிறது. கூகுள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய அறிவியல் அது.

ஒரு பொருள், ஆளுக்கொரு பெயர்

1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமஸ், சூசன் டுமாய்ஸ் ஆகிய நால்வரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக்குக் கட்டளை கொடுப்பது, சமையல் குறிப்புகளுக்குத் தலைப்புச் சொல் தருவது, விற்பனைக்கு வந்த பொருள்களை வகைப்படுத்துவது என்று பல துறைகளில் மக்களிடம் பெயர் கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அதாவது, நமக்கு 'இயல்பாக' வாயில் வரும் சொல்லை நம்பி ஒரு பக்கத்துக்குப் பெயர் வைத்தால், அதே பொருளைத் தேடுபவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வேறு சொல்லோடு வருவார்கள். இதற்கு அவர்கள் சொன்ன மருந்தும் எளியது: ஒரு பொருளுக்கு ஒரே ஒரு நல்ல பெயரைத் தேடி அலையாதீர்கள்; மக்கள் வழங்கும் பெயர்கள் அத்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் பலவாக இருப்பது ஒரு சிக்கல். தேடுபவருக்குப் பெயரே தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். தகவல் தேடல் ஆய்வாளர் நிக்கோலஸ் பெல்கின் 1980இல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். ஒருவர் தேட வருவதே தம் அறிவில் ஏதோ ஒரு துண்டு விடுபட்டிருப்பதால். விடுபட்டது இன்னதென்று துல்லியமாகச் சொல்ல முடிந்தால் பாதி விடை கையில் இருக்கிறது என்று பொருள். 'மாவுப்பூச்சி' என்று தட்டத் தெரிந்தவர் வழியைக் கண்டுபிடித்துவிடுவார். உதவி அதிகம் தேவைப்படுகிறவர் 'வெள்ளையா ஏதோ' என்றுதான் தட்டுவார். ஆகவே தேடுபெட்டியில் விழுவது பெரும்பாலும் நோயின் பெயராக இருக்காது, அறிகுறியாக இருக்கும்.

எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை?

சொல்லைக் கொண்டு பக்கத்தைப் பிடிக்கும் வித்தை பழையது. 1230களில் பாரிஸில் ஹியூ என்ற துறவியின் மேற்பார்வையில், பைபிளின் சொற்கள் எந்தெந்த இடங்களில் வருகின்றன என்று காட்டும் சொல்லடைவு தயாரானது. நம் பழைய இலக்கியங்களுக்குத் தமிழறிஞர்கள் உருவாக்கிய சொல்லடைவுகளும் இதே அமைப்புதான். தேடுபொறியின் உள்ளேயும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது: ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது வரும் பக்கங்களின் வரிசை. நாம் தேடும்போது பொறி உலகத்தின் பக்கங்களையெல்லாம் அப்போது புரட்டுவதில்லை. ஏற்கனவே அடுக்கிவைத்த இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது.

பட்டியல் மட்டும் போதாது. 'செம்பருத்தி செடி பூச்சி' என்று மூன்று சொல் வந்தால் எதற்கு முதலிடம் கொடுப்பது? இதற்கு விடை சொன்னவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1972இல் அவர் சொன்ன யோசனை இதுதான்: எல்லாப் பக்கத்திலும் வரும் சொல் எதையும் பிரித்துக்காட்டாது, சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லே தேடலைக் கூராக்கும். கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 10 லட்சம் பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தப் பக்கங்களை, சொல் வரும் பக்கங்களால் வகுத்து, அதன் மடக்கையை (10ஐ அடியாகக் கொண்டு) எடுத்தால் அந்தச் சொல்லின் எடை கிடைக்கும். எல்லாப் பக்கத்திலும் வரும் ஒரு சொல்லுக்கு வகுத்தால் கிடைப்பது 1. அதன் மடக்கை 0. 10,000 பக்கங்களில் வரும் 'செடி'க்கு 100 கிடைக்கும், எடை 2. வெறும் 10 பக்கங்களில் வரும் 'மாவுப்பூச்சி'க்கு ஒரு லட்சம், எடை 5. இன்றைய தேடுபொறிகள் நூற்றுக்கணக்கான வேறு கூறுகளையும் பார்க்கின்றன. ஆனாலும் அரிய சொல்லே அடையாளம் காட்டும் என்ற இந்தக் கருத்து தேடல் கலையின் அடித்தளத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது.

முடிவில்லாத வால்

மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் ஒரு வினோதமான ஒழுங்கு தெரிந்தது. ஹார்வர்டு மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1930களிலும் 1940களிலும் சொற்களில் கவனித்த விதி தேடல்களிலும் ஏறத்தாழ அப்படியே நடக்கிறது. அதிகம் வழங்கும் சொல் 100 முறை வந்தால், இரண்டாம் இடத்துச் சொல் 50 முறை, மூன்றாவது 33 முறை, பத்தாவது 10 முறை என்று சரியும்.

இந்த விதி அப்படியே பொருந்துவதாகக் கொண்டு, 10 லட்சம் விதமான தேடல்கள் இருப்பதாகக் கணக்குப் போட்டால், முதல் 10 தேடல்களே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முதல் 1,000 சேர்ந்து 52 சதவீதம். மீதி 9,99,000 தேடல்கள் சேர்ந்து 48 சதவீதம். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் எதையும் யாரும் சீண்டமாட்டார்கள்; சேர்த்துப் பார்த்தால் பாதிச் சந்தை. 2004இல் கிறிஸ் ஆண்டர்சன் 'வயர்டு' இதழில் 'நீண்ட வால்' என்று பெயரிட்டு எழுதியது இப்படிச் சிறுகச் சிறுகச் சேரும் விற்பனையைப் பற்றித்தான். தேடல் முடிவுகளில் தளங்களை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்பவர்கள் நாள்தோறும் 'லாங் டெயில்' என்று சொல்வதும் அதையே.

அந்த வாலுக்கு முடிவும் இல்லை. கூகுளில் ஒரு நாளில் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று அந்த நிறுவனமே பலமுறை சொல்லியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக, இத்தனை கோடிப் பேர் தட்டிய பிறகும், மனிதர்கள் நாள்தோறும் புதிதாக ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

புதிதாகத் தளம் தொடங்குபவருக்கு இந்தக் கணக்கில் பெரிய பாடம் இருக்கிறது. 'செம்பருத்தி' என்று ஒற்றைச் சொல்லாகத் தேடுபவர் ஏராளம். ஆனால் அவருக்கு வேண்டியது பூவின் படமா, தலைமுடி எண்ணெயா, செம்பருத்தித் தேநீரா, நர்சரியில் செடியின் விலையா? தெரியாது. அந்தச் சொல்லுக்காகப் பெரிய தளங்கள் ஏற்கனவே மோதிக்கொண்டிருக்கும். 'செம்பருத்தி மொட்டு பூக்காமல் உதிர்கிறது' என்று தேடுபவர் சிலர்தான்; ஆனால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு நேரடியாக விடை சொல்லும் பக்கம் சிறிய தளத்தில் இருந்தாலும் மேலே வர வழியுண்டு.

மேலே வருவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்பதற்கும் சான்று உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவட்டுமே என்று சுமார் 6,50,000 பயனர்களின் 2 கோடி தேடல்களைப் பொதுவெளியில் வைத்தது. பெயர்களுக்குப் பதில் எண்கள் மட்டும் இருந்தன. சில நாள்களிலேயே 'நியூயார்க் டைம்ஸ்' செய்தியாளர்கள் வெறும் தேடுசொற்களைக் கொண்டே ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். ஏ.ஓ.எல். கோப்பை அவசரமாக நீக்கியது. அதற்குள் அது உலகெங்கும் நகலாகிவிட்டது. அதை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கில், கிளிக்குகளில் சுமார் 42 சதவீதம் முதல் முடிவுக்கும், சுமார் 12 சதவீதம் இரண்டாவதற்கும் போயிருந்தன. இன்றைய திரையின் அமைப்பு வேறு, விகிதமும் மாறியிருக்கும். ஆனால் மேலிருந்து கீழே சரியும் போக்கு மாறவில்லை. தேடுசொற்கள் ஒருவரைப் பற்றி எவ்வளவு சொல்லிவிடும் என்பதையும் அந்தச் சம்பவம் உலகுக்குக் காட்டிவிட்டது.

எண்ணும் கருவிகளும் அவை மறைப்பதும்

மக்களின் சொற்களை அறிய இன்று கைக்கெட்டும் கருவிகள் பல. மிக எளியது தேடுபெட்டியே. 'செம்பருத்தி' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டால் கீழே விரியும் பட்டியல் பிறர் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருவது. 2004 டிசம்பரில் கூகுள் ஊழியர் கெவின் கிப்ஸின் சோதனை முயற்சியாக வெளிவந்த வசதி இது. அதன்பின் அ, ஆ, இ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் மாறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையே நிரப்பிவிடலாம்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் கூகுளின் கீவேர்டு பிளானர் இருக்கிறது. இது விளம்பரதாரர்களுக்காக உருவானது. தேடுசொல்லை ஏலம் விடும் வியாபாரத்தை 1998இல் பில் கிராஸின் கோடூ டாட் காம் என்ற தேடுதளம் தொடங்கிவைத்தது; ஏலம் என்று வந்ததும் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கிராக்கி என்று சொல்லும் கருவியும் தேவைப்பட்டது. இந்தப் பிறப்பை மறந்தால் கருவியைத் தவறாகப் படிக்க நேரும். அதில் 'போட்டி' என்று காட்டுவது விளம்பரம் கொடுப்பவர்களுக்கிடையிலான போட்டி. இயல்பான முடிவுகளில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்கு எண்ணிக்கையும் துல்லியமாக வராது. 100 முதல் 1,000 வரை என்று ஒரு வீச்சாகத்தான் வரும்.

கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் எண் எண்ணிக்கையே கிடையாது. தேர்ந்தெடுத்த காலத்தில் ஒரு சொல் உச்சத்தில் இருந்த தருணத்தை 100 என்று வைத்து, மற்ற நாள்களை அதோடு ஒப்பிட்டுத் தரும். பருவம் பார்க்க அது உதவும். தளம் ஏற்கனவே இருந்தால் எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது கூகுளின் சர்ச் கன்சோல். நம் பக்கம் எந்தெந்தத் தேடலுக்கு, எத்தனை முறை, எத்தனையாவது இடத்தில் தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதம் வரையிலான கணக்கைத் தரும். மாவுப்பூச்சி பற்றி எழுதியவர் அதைத் திறந்து பார்த்தால், தம் பக்கம் 'செடியில் வெள்ளை பூச்சி' என்ற தேடலுக்கு மூன்றாம் பக்கத்தில் எங்கோ எட்டிப்பார்ப்பது தெரியலாம். அவர் எழுதியிராத அந்தச் சொல்தான் வாசகரின் சொல். மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமை கருதி சர்ச் கன்சோல் காட்டாது. ஆகவே வாலின் நுனி அங்கும் இருட்டுதான்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தேவை

எண்ணிக்கை கிடைத்தவுடன் பக்கம் எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. தேடுபவரின் நோக்கத்தை 2002இல் ஆண்ட்ரே புரோடர் மூன்றாகப் பிரித்தார். தெரிந்த ஒரு தளத்துக்குப் போக வழி கேட்பது ஒன்று. ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது இரண்டு. வாங்குவது, பதிவிறக்குவது, விண்ணப்பிப்பது போல ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது மூன்று. 'வேப்ப எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும்' என்று கேட்பவரிடம் வேப்ப எண்ணெய் பாட்டிலின் விலையைக் காட்டினால் அவர் வந்த வேகத்தில் திரும்பிப் போவார்.

ஒரே சொல்லுக்குள் இரண்டு தேவை ஒளிந்திருப்பதும் உண்டு. 'வெள்ளை பூச்சி' என்று தேடுபவரின் செடியில் இருப்பது மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம், வெள்ளை ஈயாகவும் இருக்கலாம். கிளையை உலுக்கினால் குபீரென்று பறப்பது வெள்ளை ஈ. அசையாமல் பஞ்சாக ஒட்டிக்கொண்டிருப்பது மாவுப்பூச்சி. இந்த வேறுபாட்டை முதல் பத்தியிலேயே படத்தோடு சொல்லிவிட்டு, பிறகு இரண்டுக்கும் தனித்தனியாக வழிகாட்டும் பக்கம்தான் அந்தத் தேடலுக்குச் சரியான விடை. சரியான பெயரையும் வாசகர் அங்கே கற்றுக்கொள்வார். இந்தப் புரிதலை எந்தக் கருவியும் கொடுக்காது; செடியைத் தெரிந்தவர்தான் கொடுக்க முடியும்.

இதைச் செய்யாமல் சொல்லை மட்டும் அள்ளித் தெளித்தவர்களின் கதையும் இணைய வரலாற்றில் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு முறை ஒரே சொல்லை எழுதிவைத்தார்கள். பக்கத்தின் நிரலில் தேடுசொற்களுக்கென்று இருந்த மறைவான இடத்தில் சம்பந்தமில்லாத பிரபலங்களின் பெயர்களைக்கூடத் திணித்தார்கள். தேடுபொறிகள் அந்த இடத்தைப் பார்ப்பதையே கைவிட்டன; தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. இன்றும் அந்தப் பெட்டியை மெனக்கெட்டு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இயந்திரம் பொருளறியத் தொடங்கியபோது

1987இல் பெயர்ச் சிக்கலை அளந்த அதே குழுவினரில் சிலர், ஒன்றாக வரும் சொற்களைக் கொண்டு பொருள் நெருக்கத்தைக் கணக்கிடும் முறையை 1990இல் வெளியிட்டார்கள். வேம்பும் பூச்சியும் இலையும் அடிக்கடி சேர்ந்து வந்தால், அவை ஒரே வட்டாரத்துச் சொற்கள் என்று இயந்திரமே ஊகிக்கும். அந்த வழி வளர்ந்து, 2019 அக்டோபரில் கூகுள் தன் தேடலில் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியைச் சேர்த்தது. அப்போது அவர்கள் காட்டிய உதாரணம், அமெரிக்கா செல்லும் பிரேசில்காரருக்கு விசா வேண்டுமா என்ற ஆங்கிலத் தேடல். பழைய முறை, திசை காட்டும் சிறு சொல்லைக் கவனிக்காமல், பிரேசில் போகும் அமெரிக்கர்களுக்கான பக்கத்தை நீட்டியது. புதிய முறை அந்தச் சிறு சொல்லையும் படித்தது.

தமிழில் அந்தத் திசை உருபுக்குள் இருக்கிறது. 'அமெரிக்காவுக்கு' என்பதையும் 'அமெரிக்காவிலிருந்து' என்பதையும் எண்ணும் வசதிக்காக வேர்ச்சொல்லாக வெட்டினால் இரண்டும் 'அமெரிக்கா' ஆகிவிடும். போகிறவரும் வருகிறவரும் கலந்துபோவார்கள். வெட்டாமல் விட்டால் செம்பருத்தியில், செம்பருத்திக்கு, செம்பருத்தியின் எல்லாம் வெவ்வேறு சொற்களாகக் கணக்கில் ஏறும். இதோடு ஒற்றுக் குழப்பம் வேறு: 'வெள்ளைப் பூச்சி', 'வெள்ளை பூச்சி', 'வெள்ளைபூச்சி' மூன்றுமே தட்டப்படுகின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களின் கூட்டம் தனி. அங்கே ழகரத்துக்கு ஒருவர் ஓரெழுத்தும் மற்றவர் ஈரெழுத்தும் போடுவார்கள். ஒரே தேவை இப்படிப் பத்துத் துண்டாகச் சிதறும்போது கருவியில் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். தமிழ்த் தளம் நடத்துபவர் இந்தத் துண்டுகளைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்லா எழுத்துப் பிழையையும் பக்கத்தில் அடுக்கத் தேவையில்லை. வழக்குச் சொல்லும் துறைச்சொல்லும் இயல்பாக இடம்பெற்றால் போதும்.

எண் சொல்லாதது

தேடல்களின் எண்ணிக்கையை அப்படியே உலக நிலவரமாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற பாடம் உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 5 கோடிப் பிரபலத் தேடல்களை அலசி, அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சலோடு ஏறி இறங்கும் 45 தேடல்களைப் பொறுக்கினார்கள். மருத்துவத் துறையின் கணக்கு வருவதற்கு முன்பே காய்ச்சல் பரவலைச் சொல்லிவிடும் என்று 2009இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அலசலின்போது பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடலும் காய்ச்சலோடு அழகாகப் பொருந்தியிருந்தது. இரண்டுக்கும் பருவம் குளிர்காலம் என்பதைத் தவிர வேறு உறவில்லை. 2012–13 குளிர்காலத்தில் அந்தக் கருவி மருத்துவத் துறையின் கணக்கைப் போல இரு மடங்குக்கு மேல் காட்டியது. 2015இல் கூகுள் அதன் மதிப்பீடுகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. செய்தியில் காய்ச்சல் என்று வந்தாலே, உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரும் தேடிப் பார்ப்பார். தேடுவதும் காய்ச்சலடிப்பதும் ஒன்றல்ல.

மிகையாகக் காட்டும் பிழையைவிட, பூஜ்யம் காட்டும் பிழை தமிழுக்கு அதிகம் பொருந்தும். தமிழில் ஒரு கேள்வியைத் தட்டி உருப்படியான விடை கிடைக்காதவர், அடுத்த முறை ஆங்கிலத்தில் தட்டுவார், அல்லது கேட்பதையே விட்டுவிடுவார். கருவி அதைப் பார்த்து, இந்தச் சொல்லைத் தமிழில் யாரும் தேடுவதில்லை என்று அறிக்கை தரும். அறிக்கையை நம்பி யாரும் எழுதமாட்டார்கள். எழுதாததால் யாரும் தேடமாட்டார்கள். இந்த வட்டத்தை உடைக்கக் கருவிக்கு வெளியே கேட்க வேண்டியிருக்கிறது: உழவர் வாட்ஸ்அப் குழுவில் வரும் கேள்வி, நர்சரிக்கு வருபவர் கையில் பிடித்துவரும் வாடிய இலை, மருந்துக்கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கப்படும் சந்தேகம். இவற்றில் பல எந்தப் பட்டியலிலும் வராதவை. அப்படி ஒரு கேள்விக்கு, கேட்டவரின் சொல்லிலேயே ஒரு நல்ல பக்கம் எழுதிவைத்தால், மாதம் நூறு தேடல் என்று கணக்குக் காட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு பிறப்பதே பெரும்பாலும் விடை வந்த பிறகுதான்.